சிறைக் கதவுக்குச் சோதனைச் சான்றிதழ்: எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: பேட்டைப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் அப்பா காலத்திலிருந்து இரும்புப் பட்டறை நடத்துகிறோம். ரோலிங் ஷட்டர், கிரில், பள்ளிக்கூடங்களுக்குத் தகட்டு நிலை, அரிசி ஆலைகளுக்கு இரும்புக் கதவு என்று வேலை ஓடுகிறது. தகடு வளைக்கும் எந்திரமும் ஸ்பாட் வெல்டிங் எந்திரமும் சொந்தமாக இருக்கின்றன. இப்போது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை ஒன்று வந்திருக்கிறது. வெளி மாவட்டத்தில் ஒரு சிறை வளாகத்துக்குள் கட்டப்படும் தனியறைத் தொகுதிக்குக் கதவும் நிலையும் செய்து பொருத்த ஒப்பந்ததாரர் விலை கேட்கிறார்.

அவர் கொடுத்த விவரக் குறிப்பில் கதவைப் பற்றி இருப்பது ஒரே வரி. 14 கேஜ் தகட்டுக் கதவு, சிறைப் பாதுகாப்புத் தரத்தின்படி சோதிக்கப்பட்டது. எந்த நாட்டுத் தரம், எந்த வகுப்பு, சோதனை என்றால் என்ன செய்வது என்று எதுவும் இல்லை. ஒப்பந்ததாரரிடம் கேட்டால், "நீங்களே பார்த்துப் போடுங்கள்" என்கிறார்.

இதற்கிடையில் கதவு இறக்குமதி செய்யும் வியாபாரி ஒருவர் பேசினார். ஐரோப்பியச் சான்றிதழோடு ஆர்.சி. 3 வகுப்புக் கதவு தருகிறாராம். "கதவை மட்டும் என்னிடம் வாங்குங்கள். நிலையை உங்கள் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். சான்றிதழ் நகலை இணைத்துவிடலாம்" என்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் கட்டுப்படியாகிறது. மனம்தான் ஒப்பவில்லை. நான் செய்யாத கதவின் சான்றிதழ் நான் செய்யும் நிலைக்கு எப்படிப் பொருந்தும்?

வராந்தா முனைகளில் கம்பிக் கதவுகளும் வருகின்றன. அவற்றுக்கும் இதே தரம்தானா? பூட்டும் கீலும் யார் பொறுப்பு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தவறான பொருளைச் சிறைக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

பதில்: வள்ளியூர் மேற்பார்வையாளர்

தம்பி, நான் அரசுக் கட்டட வேலைகளில் நிறைய மேற்பார்வை பார்த்தவன். குறிப்பில் 14 கேஜ் என்று போட்டிருந்தால் 14 கேஜ் தகடு போடுங்கள். ஏதோ ஒரு சோதனைச் சான்றிதழ் கோப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கதவுக்குச் சான்றிதழ் இருந்தால் நிலைக்குத் தனியாக யாரும் கேட்பதில்லை. கதவைவிடப் பூட்டுத்தான் முக்கியம். நல்ல பூட்டாக வாங்கிப் போட்டுவிடுங்கள்.

பதில்: பெருமாள்புரம் தரச்சோதகர்

தம்பி, உங்கள் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனத்தை விட்டுவிடாதீர்கள். வள்ளியூர் நண்பர் சொன்னபடி நகலை இணைத்துக் கோப்பை மூடுவது நடைமுறையில் இருக்கலாம். அந்தக் கோப்பு கதவைத் தாங்கிப் பிடிக்காது.

நான் வளைகுடா நாட்டில், உள்ளே கூடான தகட்டுக் கதவுகள் செய்யும் தொழிற்சாலையில், தரச்சோதனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். மருத்துவமனைக் கதவு, தீத்தடுப்புக் கதவு, சிறைக் கதவு எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் ஓடும். ஆய்வகத்துக்கு மாதிரிகளை அனுப்பி, கூடவே நின்று, அடிபடுவதைப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆர்.சி. 3. அது இ.என். 1627 என்ற ஐரோப்பியத் தரத்தில் வரும் வகுப்பு. வீடு, கடை, அலுவலகம் ஆகியவற்றுக்குள் திருடன் உடைத்துக்கொண்டு நுழைவதைத் தடுக்க எழுதப்பட்டது. மூன்றாம் வகுப்பு என்றால், சோதிப்பவர் கடப்பாரை முதலிய கைக்கருவிகளோடு 5 நிமிடம் தாக்கியும் கதவு தாங்க வேண்டும். நான்காம் வகுப்புக்கு 10 நிமிடம், ஆறாம் வகுப்புக்கு 20 நிமிடம். அதன் வேலைக்கு அது நல்ல தரம். ஆனால் திருடன் சத்தத்துக்குப் பயப்படுகிறவன், சீக்கிரம் ஓடிவிட நினைப்பவன். சிறை அறைக்குள் இருப்பவருக்கு ஓட்டம் இல்லை, இரவு முழுவதும் நேரம் இருக்கிறது. கலவரம் மூண்டால் சத்தம் அவருக்குப் பொருட்டே இல்லை. கையில் கிடைக்கும் கனமான எதுவும் இடிகோல் ஆகிவிடும். தாக்குதல் வரும் பக்கமும் வேறு. வியாபாரியின் கதவு வெளியிலிருந்து வரும் அடிக்குச் சோதிக்கப்பட்டது. உங்களுக்கு வேண்டியது உள்ளிருந்து வரும் அடியைத் தாங்கும் கதவு.

சிறைக்கென்றே எழுதப்பட்ட சோதனைமுறை, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு வெளியிட்ட எஃப் 1450. உள்ளே கூடான தகட்டால் செய்த, கீலில் திரும்பும் சிறைக் கதவுத் தொகுப்புகளுக்கானது. வளைகுடாவில் நாங்கள் பார்த்த சிறைத் திட்டங்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்டன. இதில் நான்கு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு 60 நிமிடம் தாங்கும் தடுப்பைக் குறிக்கிறது. இரண்டாவது 40, மூன்றாவது 20, நான்காவது 10. அந்த நிமிடங்களைப் பூட்டின் அருகே விழும் அடிகளாக மாற்றியிருக்கிறார்கள். முதல் வகுப்புக்கு 600 அடி, இரண்டாவதற்கு 400, மூன்றாவதற்கு 200, நான்காவதற்கு 100. கீல்களின் அருகிலும் தனியாக அடி உண்டு.

அடி என்றால் யாரோ சம்மட்டியால் கை வலிக்கும்வரை அடிப்பது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு அடியும் ஒரே அளவாக விழுவதற்காக, சுமார் 36 கிலோ எடையுள்ள இடிகட்டையை ஊஞ்சலைப்போலத் தொங்கவிட்டு, ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்துக்கு இழுத்து விடுகிறார்கள். கதவில் படும் எஃகு முகம் வெறும் 4 சதுர அங்குலம். ஒவ்வொரு அடியிலும் 271 ஜூல் ஆற்றல் அந்தச் சிறிய இடத்தில் இறங்குகிறது. ஆய்வகத் தரையே அதிரும். இருநூறாவது அடிக்கு மேல் நிலையும் சுவரும் சேரும் இடத்திலிருந்து காரைப் பொடி உதிரத் தொடங்கும்போது, எந்த இணைப்பு முதலில் கைவிடும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

தோல்வி எது என்பதற்கும் திட்டவட்டமான அளவு இருக்கிறது. 127 மி.மீ., 203 மி.மீ., 203 மி.மீ. அளவுள்ள கெட்டியான பெட்டி ஒன்று, உண்டான திறப்பின் வழியாக நுழைந்து வெளியே வந்தால் ஆள் தப்பித்ததாகவே கணக்கு. கதவு நெளியலாம், குழி விழலாம், பார்க்க அலங்கோலமாக ஆகலாம். அந்தப் பெட்டி வரக்கூடாது. இப்படி ஒரு வரையறை இருப்பதால்தான் சோதனை முடிந்தபின் சண்டை வருவதில்லை.

அடிச் சோதனை தவிர இன்னும் இரண்டு இருக்கின்றன. கதவைப் படுக்கவைத்துப் பளு ஏற்றுவது ஒன்று. முதல் வகுப்புக்கு 14,000 பவுண்டு, அதாவது ஆறு டன்னுக்கு மேல். அந்தப் பளுவில் வளைவு 15 மில்லிமீட்டரைத் தொடக்கூடாது. இன்னொன்று முறுக்குச் சோதனை. மூன்று மூலைகளைத் தாங்கிவிட்டு நான்காவது மூலையில் 7,500 பவுண்டு பளு வைத்து எவ்வளவு முறுகுகிறது என்று பார்ப்பார்கள். இந்த இரண்டும் கதவின் உள்வேலையைக் காட்டிக்கொடுக்கும். வெளித்தகடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும், உள்ளே நிற்கும் எஃகு விறைப்புப் பட்டைகளை நெருக்கமாக வைத்து ஒவ்வொன்றையும் தகட்டோடு ஒழுங்காக ஸ்பாட் வெல்டிங் செய்யவில்லை என்றால் இரண்டு தகடுகளும் தனித்தனியாக வளையும். பூச்சு அடித்தபின் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். கதவின் சான்றிதழ் உங்கள் நிலைக்குப் பொருந்தாது. எஃப் 1450 சோதிப்பது தனிக் கதவை இல்லை. கதவு, நிலை, பூட்டு, கீல், நிலையைச் சுவரில் பிடிக்கும் ஹோல்டு பாஸ்ட், எல்லாவற்றையும் பொருத்தி, சுவரில் பதித்துத்தான் அடிக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் நின்று பார்த்த சோதனைகளில் தகடு கிழிந்து தோற்ற கதவு அபூர்வம். பூட்டின் நாக்கு போய் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி நிலையின் தகடு விரிந்துவிடும். இல்லையென்றால் நிலையின் மேல்மூலைப் பற்றவைப்பு பிளந்து, நிலைக்கால் வெளிப்பக்கம் சாயும். நிலை 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தும் நாக்கு வெளியே வந்துவிடும். பூட்டுத்தான் முக்கியம் என்று சொன்ன நண்பர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு திட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சோதனையில் தேறிய அதே வகைக் கதவும் நிலையும் போயிருந்தன. பொருத்தியவர்கள் நிலைக்குள் சிமெண்டுக் கலவையை மேலிருந்து கொஞ்சம் ஊற்றி, விளிம்பைப் பூசி மறைத்துவிட்டார்கள். நான் சுத்தியலின் பின்பக்கத்தால் நிலையைத் தட்டிக்கொண்டே போனேன். இடுப்பு உயரத்துக்குக் கீழே கெட்டிச் சத்தம், பூட்டு இருக்கும் இடத்தில் வெற்றுச் சத்தம். ஒரு தொகுதி முழுவதும் அப்படியே. எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி பொருத்த வைத்தோம். பெரிய செலவு, பெரிய சண்டை. அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இரவுப் பணியில் தனியாக நிற்கப்போகும் காவலரை நினைத்துப் பாருங்கள். வேறு வழியே இல்லை.

அடுத்தது 14 கேஜ். நம் ஊர்க் கடைகளில் கேஜ் என்றால் பிரிட்டிஷ் அளவு. 14 கேஜ் 2.03 மில்லிமீட்டர். அமெரிக்கத் தரங்கள் பேசும் 14 கேஜ் 1.90 மில்லிமீட்டர். 12 கேஜில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, 2.64-உம் 2.66-உம். கேஜ் எண்ணை மட்டும் நம்பி விலை போடாதீர்கள்; மில்லிமீட்டரில் எழுதி, தகடு வந்து இறங்கியதும் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: உயர்ந்த இரண்டு வகுப்புகளுக்கும் வழக்கமாக 12 கேஜ் முகத்தகடு, 14 கேஜ் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு. ஆக, குறிப்பு எழுதியவர் தெரிந்தோ தெரியாமலோ 20 நிமிடக் கதவையோ 10 நிமிடக் கதவையோதான் கேட்டிருக்கிறார். இதை அவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? "எந்த வகுப்பு வேண்டும்?" என்று கேட்டால் மறுபடியும் "நீங்களே பாருங்கள்" என்றுதான் பதில் வரும். "அறையில் கதவை இடிக்கும் சத்தம் கேட்டதிலிருந்து போதுமான காவலர்கள் அங்கே வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும்?" என்று கேளுங்கள். இதற்குச் சிறை அதிகாரியிடம் பதில் இருக்கும். எட்டு நிமிடத்தில் வந்துவிடுவார்கள் என்றால் மூன்றாம் வகுப்புத் தாராளம். இரவில் ஒரு முனையில் ஒரே ஆள், மற்றவர்கள் வர அரை மணி நேரம் என்றால் இரண்டாம் வகுப்புக்குக் குறைந்து போகவே கூடாது. உடையாத கதவு என்று உலகத்தில் எதுவும் கிடையாது. ஆள் வரும்வரை தாங்கினால் அது நல்ல கதவு. வகுப்பைத் தீர்மானிப்பது அந்த நிமிடக் கணக்குத்தான். தகட்டுக் கடையில் கிடைக்கும் கேஜை வைத்து அதைத் தீர்மானிக்க விடாதீர்கள்.

பூட்டுக்குத் தனியாக எஃப் 1577, கீலுக்கு எஃப் 1758, பார்வைத் துவாரச் சட்டத்துக்கு எஃப் 1592, அதில் போடும் கண்ணாடிக்கு எஃப் 1915 இருக்கின்றன. எல்லாம் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும். முதல் வகுப்புக் கதவில் நான்காம் வகுப்புக் கண்ணாடி போட்டால் அது நான்காம் வகுப்புக் கதவு.

வராந்தா முனைக் கம்பிக் கதவுக்கு எஃப் 1450 பொருந்தாது. அங்கே பகை ரம்பம். கருவிக்கு அறுபடாத எஃகுக் கம்பிகளுக்கு ஏ 627 என்ற தனிச் சோதனைமுறை உண்டு. கட்டுமானக் கம்பியை வாங்கி வரிசையாகப் பற்றவைத்தால் தடிமனாகத் தெரியும். சாதாரண ரம்ப அலகுக்கு அது பொறுமையாக அறுபட்டுக் கொடுத்துவிடும்.

பதில்: பேட்டைப் பட்டறை

அண்ணாச்சி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள். முழுச் சோதனைக்கு அனுப்பும் வசதி எங்களைப் போன்ற சிறிய பட்டறைக்கு எங்கே இருக்கிறது? அதற்கு முன்னால் எங்கள் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று நாங்களே பார்த்துக்கொள்ள வழி உண்டா? இரண்டாவது, இந்தக் கதவுக்குத் தீத்தடுப்புத் தரமும் வேண்டுமா? குறிப்பில் அதுவும் இல்லை.

பதில்: ஓய்வுபெற்ற சிறைக் காவலர், பாளையங்கோட்டை

தரச்சோதகர் ஐயா சொன்னது எல்லாம் உடையாமல் இருப்பதைப் பற்றி. நான் திறப்பதைப் பற்றிச் சொல்கிறேன். மாலையில் எண்ணிக்கை எடுத்துப் பூட்டுவதும் காலையில் எண்ணிக்கை எடுத்துத் திறப்பதும் என் வாழ்க்கையாக இருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரின் உயிர் அந்த நேரத்தில் என் இடுப்பில் தொங்கும் சாவியில்தான் இருக்கிறது. அவர் தண்டனை பெற்றவராக இருக்கலாம், விசாரணைக் கைதியாக இருக்கலாம். புகைக்கு அந்த வேற்றுமை தெரியாது.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் அப்படியே எரிந்து போனார்கள். அது சிறை இல்லைதான். ஆனால் அடைத்து வைக்கும் எந்த இடத்துக்கும் அது பொருந்தும். அந்த வாரம் முழுவதும் நாங்கள் இரவுப் பணியில் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பார்த்தோம். யாரும் ஆணை போடவில்லை. தானாகவே செய்தோம்.

பட்டறைக்காரத் தம்பிக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். கதவு வராந்தாப் பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால், உள்ளே இருப்பவர் படுக்கையைக் குறுக்கே போட்டு முட்டுக்கொடுத்துவிடுவார். அவர் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்தாலும் நம்மால் உள்ளே போக முடியாது. அறைக்குள் தெரியும் பக்கத்தில் கைப்பிடி, கொக்கி, கீலின் முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. துணியைக் கிழித்து மாட்டிக்கொள்ள ஒரு விரல் அளவு நீட்டல் போதும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. பார்வைத் துவாரம் நடுத்தர உயரமுள்ள காவலரின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். அதன் வழியாக அறையின் மூலைகள் எல்லாம் தெரிய வேண்டும். சாப்பாட்டுத் தட்டு கொடுக்கும் திறப்புக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள் கட்டாயம்.

கீலைத் தாங்கும் பக்கம் நாளடைவில் தளர்ந்து கதவு தரையில் உரசத் தொடங்கும். உரசும் கதவைத் தோளால் முட்டித்தான் பூட்டுவோம், தூக்கித்தான் திறப்போம். அவசரத்தில் அந்தத் தூக்குதலுக்கு ஆகும் நேரம் பெரிய நேரம். எடை கூடக்கூடக் கீலையும் அதற்குத் தக்கபடி போடுங்கள்.

பதில்: பெருமாள்புரம் தரச்சோதகர்

காவலர் அண்ணாச்சி எழுதியதை ஒவ்வொரு கட்டட வரைவாளரும் படிக்க வேண்டும். 1930 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலச் சிறையில் தீப்பிடித்து 322 கைதிகள் இறந்தார்கள். பலர் பூட்டிய அறைக்குள்ளேயே இறந்தார்கள். 2012 பிப்ரவரி 14 இரவு ஹோண்டுராஸ் நாட்டின் கொமயாகுவா சிறையில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாவி உரிய நேரத்தில் வரவில்லை. இரண்டுக்கும் இடையே எண்பது ஆண்டுகள். கதவு எங்கும் உடையவில்லை. திறக்கவில்லை, அதுதான் நடந்தது.

தம்பி கேட்ட தீத்தடுப்பு: தாக்குத் தரமும் தீத் தரமும் வேறுவேறு. ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேறியதாக ஆகாது. நம் நாட்டில் தீக்கதவுக்கு ஐ.எஸ். 3614 இருக்கிறது; 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சிறைகளை நிறுவனக் கட்டடங்களில் சி-3 என்ற உட்பிரிவில் வைக்கிறது. தீத் தரம் எல்லா அறைக் கதவுக்கும் வேண்டும் என்பதில்லை. தொகுதியைத் தொகுதியிலிருந்து பிரிக்கும் சுவரிலும் படிக்கட்டு வாயிலிலும் வரும் கதவுகளுக்கே பெரும்பாலும் கேட்பார்கள். எந்தெந்தக் கதவு என்று தீயணைப்புத் துறை ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் குறித்திருப்பார்கள். அந்த வரைபடத்தை வாங்காமல் விலை போடாதீர்கள். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. வெளியேறும் வழியில் உள்ள கதவுகளின் சாவிகள் ஒவ்வொன்றையும் கண்ணாலும் தெரிந்துகொள்ள வேண்டும், தொட்டுப் பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டும். புகையில் கண் தெரியாதபோது விரல் கண்டுபிடிக்க வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். பூட்டு வாங்கும்போது சாவித் தலையில் மேடான அடையாளம் வைத்துத் தரச் சொல்லுங்கள். அதிகச் செலவு ஆகாது.

நீங்களே பார்த்துக்கொள்ள வழி உண்டு, கட்டாயம் செய்யுங்கள். பட்டறை முற்றத்தில் கான்கிரீட் கட்டைச் சுவர் ஒன்றைக் கம்பி போட்டுக் கட்டி, கட்டையின் துளைகளைக் கலவையால் நிரப்புங்கள். அதில் உங்கள் நிலையைப் பதித்து, வேலையில் போடப்போகும் அதே கீலையும் பூட்டையும் மாட்டி, கலவை முழுக்க இறுகும்வரை காத்திருங்கள். 36 கிலோ இடிகட்டையைச் சங்கிலியில் தொங்கவிட்டு, முன்னே சொன்ன உயரத்துக்கு இழுத்து, பூட்டின் அருகே 200 அடி விடுங்கள். சுற்றி யாரும் நிற்காதபடி வேலி போடுங்கள். சங்கிலியின் கொக்கியை அடிக்கடி பாருங்கள். பத்துப் பத்து அடிக்கு ஒரு தடவை நிலைக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். எந்தப் பற்றவைப்பு பிளக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பாடம். பளு ஏற்றும் சோதனைக்கு, பளுச் சட்டகம் உள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகங்களை அணுகலாம். இவை எதுவும் சான்றிதழ் ஆகாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவை விலைப்புள்ளியில் தனி இனமாகக் காட்டுங்கள். ஆனால் வீட்டிலேயே தோற்கும் நிலையை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்காமல் இருக்கலாம்.

சுவரைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். சோதனைச் சுவர் கெட்டியான சுவர். நம் பக்கத்துப் பழைய அரசுக் கட்டடங்கள் பல செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக நிற்கின்றன. அப்படிப்பட்ட சுவரில் புதுக்கதவு வைக்க வேண்டி வந்தால் ஹோல்டு பாஸ்ட் போதாது. திறப்பைச் சுற்றிக் கான்கிரீட் சட்டம் போட்டு அதில்தான் நிலையைப் பிடிக்க வேண்டும். உங்களுடையது புதிய தொகுதி என்றாலும் எந்தச் சுவர் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பதில்: வள்ளியூர் மேற்பார்வையாளர்

ஐயா சொன்னது நியாயம். நிலைக்குள் கலவை நிரப்புவதைப் பற்றி மட்டும் ஒன்று. நிலையைப் பொருத்துவது பட்டறைக்காரர், கலவை ஊற்றுவது ஒப்பந்ததாரரின் கொத்தனார் என்று பிரித்து வைத்தால் பின்னால் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். இரண்டையும் ஒரே கையில் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.

பதில்: பேட்டைப் பட்டறை

ஒப்பந்ததாரரிடம் பேசி, கேள்விகளைக் கடிதமாகக் கொடுத்துவிட்டேன். காவலர்கள் வந்து சேர எத்தனை நிமிடம், எந்தச் சுவர், எந்தக் கதவுகளுக்குத் தீத் தரம், கலவை யார் கையில் என்று நான்கும் கேட்டிருக்கிறேன். முதல் கேள்வியைப் படித்துவிட்டு, "இதை நேராக நிர்வாகப் பொறியாளரிடம் அனுப்புகிறேன்" என்றார். விலையை மூன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் தனித்தனியாகப் போடுகிறேன். கலவை நிரப்புவதையும் எங்கள் பொறுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.

முற்றத்தில் சுவர் எழுப்பக் கட்டைகள் வந்துவிட்டன. பூட்டின் எதிர்ப்பள்ளத்தைச் சுற்றி உள்பக்கம் 5 மில்லிமீட்டர் வலுவூட்டல் தகடு வைத்து ஒரு நிலை, வைக்காமல் ஒரு நிலை என்று இரண்டு செய்கிறோம். அடித்துப் பார்த்தபின் அளவுகளையும் படங்களையும் இங்கே பதிகிறேன்.